பானட்டின்மேல் ஆலம் ஊற்றச் சொன்ன சூசை

சூசை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் இரண்டு கையிலும் மெழுகு. ராயப்பேட்டையில் என் கொட்டகையில் ஒரு கறுப்பு மோட்டார் வண்டியின் கதவுக்கு மெழுகு பூசிவிட்டு, அது வெளுத்து வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். சூசையின் மைத்துனர் சைக்கிளில் வந்தார். வாசலில் அதை நிறுத்தவில்லை, கீழே போட்டார். "அண்ணே, மச்சான் காலைல பூசைக்குப் போய்ட்டு வந்து நாற்காலில உக்காந்தாரு. காப்பி எடுத்தாந்து குடுக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்.

நான் அந்தக் கதவைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் சாந்தோமில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். இதைச் சிலர் தப்பாகப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பேசட்டும். வெளுத்த மெழுகை அந்த நேரத்தில் எடுக்காமல் விட்டால் அது கதவோடு இறுகிப்போகும். மறுநாள் யாராவது சுரண்டத்தான் வேண்டும். செத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒரு கதவைப் பாழாக்கினேன் என்று தெரிந்தால் சூசை என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார்த் தொழிலில் இருப்பவர்கள் கூடி அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் என்ன பேசினார்கள்? "அமைதியே உருவானவர்" என்றார் ஒருவர். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர், தானுண்டு தன் வேலையுண்டு என்று வாழ்ந்தவர்" என்றார் இன்னொருவர். எந்தச் சூசையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கையை உயர்த்தினேன். நேரமாகிவிட்டது என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. டப்பாக்களில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து இங்கிலீஷும், பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாளைப் பார்த்துத் தமிழும் நானே கற்றுக்கொண்டேன். வாக்கியத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் இராது.

சூசை அமைதியானவர் அல்லர். அவர் போட்ட சத்தத்தில் ராயப்பேட்டை மணிக்கூண்டே திரும்பிப் பார்த்திருக்கும்!

யுத்தம் முடிந்து கப்பலில் சாமான்கள் வரத் தொடங்கிய நேரம். அதற்கு முன்னால் சில வருஷங்கள் மோட்டார் மெழுகு என்ற பொருளே சென்னையில் கிடைக்கவில்லை. நானே தேன்மெழுகை உருக்கி, டர்பன்டைன் கலந்து, ஒரு அலுமினியக் குண்டானில் காய்ச்சி வண்டிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு விநோதம் நடந்தது. பாதி பானட் மட்டும் கண்ணாடியாக மின்னுகிற வண்டிகள் என் கொட்டகைக்கு வர ஆரம்பித்தன. இஞ்சினுக்கு மேலே இருக்கிற அந்த மூடியில் நடுவே கோடு போட்டாற்போல் ஒரு பக்கம் மினுமினுப்பு, மறு பக்கம் மங்கல். "மீதியை நீங்க போட்டுத் தருவீங்கன்னு சொன்னாங்க" என்று டிரைவர்கள் வந்து நின்றார்கள். யார் சொன்னது? ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. தோளில் பை மாட்டிய ஒரு உயரமான ஆள் என்றார்கள்.

அந்த ஆள் சூசை. வெளிநாட்டு மெழுகு ஒன்றுக்கு ஏஜெண்டாக இருந்தார். மவுண்ட் ரோட்டில் பெரிய கடைகளின் வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போவார். டிரைவர் தூங்கினால் போதும். பையைத் திறப்பார், பாதி பானட்டைத் தேய்ப்பார். டிரைவர் விழித்துக்கொண்டு கத்துவான்.

"யோவ், இன்னாய்யா பண்றே என் வண்டிய?"

"ஒண்ணும் பண்லபா. வாங்கினப்போ உன் வண்டி எப்டி இருந்துச்சுன்னு காட்டிகினு கீறேன்."

"அப்போ மீதிய யாரு தேய்ப்பா, உன் தாத்தாவா?"

"ராயப்பேட்டையில கோயிந்துன்னு ஒரு நைனா கீறாரு. அவராண்ட போ. இப்டியே வூட்டுக்குப் போனியானா உன் மொதலாளி உன்ன நடுரோட்ல நிக்க வெச்சிடுவான்."

என்னை அவர் பார்த்ததே இல்லை! என் பெயரை யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். என் வீட்டுக் குண்டான் மெழுகை மறு பாதியில் போட்டால் இரண்டு பாதியும் ஒட்டாது. டிரைவர்கள் என்னைத் திட்டினார்கள். முதலில் அவருடைய பானட்டுகள்தான் வந்தன, ஆள் பிறகுதான் வந்தார். வந்ததும் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, சமையலா? வாசனை ஷோக்கா கீது. தோசைக்கு ஊத்திக்கலாம் போல."

"வெளியே போய்யா" என்றேன்.

"போறேன். டீ சொல்லு, குட்ச்சிட்டுப் போறேன்."

டீ குடித்தார். போகவில்லை. அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது வந்து என் மெழுகைக் கேலி செய்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கமாயிற்று.

இனி நான் சொல்லப்போவதுதான் விஷயம். மயிலாப்பூரில் வைத்தா மாமா என்று ஒருவர் இருக்கிறார். கல்யாணங்களுக்கு வாடகைக் கார் விடுபவர். மாப்பிள்ளை அழைப்புக்கென்றே அவரிடம் ஒரு திறந்த வண்டி உண்டு, பாலேடு நிறம். அதோடு மூடின வண்டிகளும் உண்டு. யுத்த காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டில் மற்ற வாடிக்கைகள் எல்லாம் உதிர்ந்துபோக, என் கொட்டகை மாமாவின் வண்டிகளை நம்பித்தான் நின்றது. அவை வராவிட்டால் வாசலில் பூட்டு. இதை நான் மறைக்கவில்லை, மாமாவுக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா டிரைவர்களும் செய்வதைப்போல மாமாவின் டிரைவரும் பானட்டில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். அதற்கு முந்தின நாள்தான் நான் மெழுகு போட்டிருந்தேன். நல்ல வெயில். மெழுகு இளகிக் குங்குமத்தை உள்ளே வாங்கிக்கொண்டது. மறுநாள் துடைத்தால் பாலேடு நிறத்தில் சிவப்பாக ஒரு நிழல், ரத்தம் காய்ந்தாற்போல. மண்ணெண்ணெய் போட்டு என் மெழுகு முழுவதையும் எடுத்தபிறகுதான் அது போயிற்று. அதற்குள் ஒரு மாப்பிள்ளை அழைப்பு தவறிவிட்டது.

மாமா கொட்டகைக்கே வந்துவிட்டார். "ஏண்டா கோவிந்தா, மங்கள காரியத்துக்குப் போற வண்டிடா இது. குங்குமம் படாத கல்யாணம் உண்டா? சந்தனம் படாத கல்யாணம் உண்டா? அதெல்லாம் ஒட்டிண்டுடும்னா உன் மெழுகு எனக்கு எதுக்கு? மவுண்ட் ரோடு கம்பெனிக்காரன் மிஷின் வெச்சுண்டு தேச்சுக் குடுக்கறான். ரெண்டு நாள் வண்டியை விடச் சொல்றான், அதுதான் யோசிக்கறேன்."

சூசை அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. எழுந்து நின்றார்.

"சாமி, ரெண்டு நாள் வண்டி அங்க நின்னா முகூர்த்தம் உனக்கோசரம் நிக்குமா? காலைல சவாரி, சாயங்காலம் சவாரி. நடுவுல கையாலயே போட்டு, கையாலயே எடுத்து, குங்குமம் வெச்சாலும் ஒட்டாத மெழுகு ஒண்ண நாங்க குடுக்கிறோம். தை பொறக்கட்டும்."

"நாங்கன்னா யாரு?" என்றார் மாமா.

"நானும் கோயிந்துவும்."

எனக்குச் சம்மதமா என்று கேட்டாரா? இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. மாமாவின் வண்டிகள் சும்மா நின்றன. அந்த மாதம் முழுவதும் எங்களுக்குப் பரீட்சை. என்ன மாதம் அது! காலையில் கபாலி கோயில் பக்கமிருந்து பஜனை கேட்கும், சாந்தோம் பக்கம் வீடுகளில் காகித நட்சத்திரம் கட்டுவார்கள், நாங்கள் இரண்டு பேரும் நடுவில் நின்று மெழுகுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

மூன்று மெழுகுகளை எடுத்துக்கொண்டோம். ஒன்று பச்சை டப்பா. சூசைக்கு ஏஜென்சி இருந்த மெழுகு. கெட்டியானது, தேய்த்தால் முகம் பார்க்கலாம். ஆனால் தேய்க்கிறவனுக்குத் தோள் கழன்றுவிடும். இன்னொன்று வெள்ளைப் பாட்டில், பால்போல ஊற்றித் துடைக்கிற தண்ணீர் மெழுகு. மூன்றாவது மஞ்சள் டப்பா. பசு நெய்யை உறைய வைத்தாற்போல இருக்கும். எவனும் வாங்காததால் வேறொரு ஏஜெண்டு சூசையின் தலையில் கட்டிவிட்டுப் போனது.

கொட்டகையில் கிடந்த உடைசல் வண்டியின் பானட்டைக் கழற்றி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, சாக்குக்கட்டியால் மூன்று பாகமாகக் கோடு கிழித்தோம். மெழுகு போடும்போதே தகராறு. நான் தாராளமாகப் போட்டேன். சூசை என் கையைப் பிடித்தார்.

"மெல்லிசா போடு நைனா. கண்ணுக்குத் தெரிஞ்சா ஜாஸ்தி."

"கண்ணுக்குத் தெரியாததை ஏன்யா போடணும்?"

"போடறது பெரிய வேலை இல்ல. எடுக்கிறதுதான் வேலை. எடுக்க முடியாத அளவுக்குப் போடறவன் மெழுகு போடல, வார்னிஷ் அடிக்கிறான்."

இதை அவர் பிறகு ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறார். முதலில் என்னிடம்தான் சொன்னார்.

அந்தப் பானட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு சாந்தோம் கடற்கரைக்குப் போனார். உப்புக் காற்றில் சில நாள் கிடக்கட்டும் என்று குப்பத்துக்குப் பக்கத்தில் மணலில் பரப்பிவிட்டு வந்தார். திரும்பப் போய்ப் பார்த்தால் அதன்மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருக்கிறது! தட்டையாக, சுத்தமாக ஒரு தகடு கிடந்தால் மீன்காரம்மா விடுவாளா? சூசை அவளோடு போட்ட சண்டையை நானே நேரில் கேட்டேன்.

"யம்மா, இது மோட்டார் பானட்டு!"

"இருக்கட்டுமே. என் நெத்திலி இன்னா அத்த ஓட்டிக்கினா போய்டப் போவுது?"

"மெழுகு போட்டு வெச்சிருக்கேன்மா!"

"அதான் பாத்தேன், ஒட்டாம வருதேன்னு. இந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கிச்சு, பாரு." அவள் காட்டியது வெள்ளைப் பாட்டில் பக்கம். செதிலும் உப்பும் அப்பிக்கொண்டிருந்தன. பச்சைப் பக்கத்திலும் மஞ்சள் பக்கத்திலும் தட்டினால் அவை உதிர்ந்துவிட்டன. சூசை ஆனந்தத்தில் அவளைக் கும்பிட்டார். "இவ்ளோ நல்ல பரீட்சை எனக்குத் தோணலையே!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளைப் பாட்டில் அன்றோடு முடிந்தது.

ஆனால் மஞ்சள் டப்பாவும் போய்விடும்போல இருந்தது. கொட்டகையில் இன்னொரு கதவுக்குப் போட்டுத் துடைத்தபோது மெல்லிய கீறல் கோடுகள், வரி வரியாக. திரும்பப் போட்டோம். திரும்பவும் வரி. சூசைக்கு முகம் தொங்கிவிட்டது. "இதுல ஏதோ மண்ணு கலந்துகீது நைனா. வுட்டுத் தள்ளு" என்று டப்பாவைத் தூக்கி மூலையில் எறிந்தார்.

இங்கேதான் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அந்தக் கதவின் முன்னால் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கதவின் கீழ்மூலையில் மட்டும் வரி இல்லை. ஏன்? அந்த மூலையைத் துடைக்கும்போது துணி கைக்கு எட்டாமல் நான் தோள்துண்டை எடுத்துத் துடைத்திருந்தேன். மற்ற இடமெல்லாம் மயிலாப்பூர் வீடுகளில் வாங்கிவந்த பழைய வேட்டிகளால் துடைத்தது. அவற்றைச் சலவைக்குப் போட்டிருந்தோம். ஒரு வேட்டியை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். மொடமொட என்றது.

கஞ்சி!

சலவைக்காரர் முனுசாமியிடம் ஓடினேன். "துடைக்கிற துணிக்கு எதுக்கய்யா கஞ்சி போட்டே?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேட்டின்னு குடுத்தீங்க. வேட்டிக்குக் கஞ்சி போடாம குடுத்தா என் தொழில் இன்னா ஆவறது? நீலமும் போட்டுக்கீறேன், பாக்கலையா?" என்றார் பெருமையாக.

வேட்டிகளை வெந்நீரில் அலசிக் காயவைத்து, மூலையில் கிடந்த மஞ்சள் டப்பாவை எடுத்துவந்து போட்டுத் துடைத்தேன். ஒரு வரி இல்லை. பூசி, வெளுக்க விட்டு, ஒரே இழுப்பில் துணி வழுக்கிக்கொண்டு போயிற்று. சூசையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதவைத் தடவிப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்! அமைதியானவராம், அமைதியானவர்.

பிறகு பச்சையா மஞ்சளா என்று கேள்வி வந்தது. நான் பச்சைதான் என்றேன். பளபளப்பு என்று வந்துவிட்டால் அதற்கு மிஞ்சியது இல்லை. சூசை, அந்தப் பச்சையை விற்று வயிறு வளர்க்கிற சூசை, மஞ்சள் என்றார். மாமாவின் வண்டிக்கொட்டகையில், மாமாவின் முன்னாலேயே, பாலேடு வண்டியை நடுவில் பிரித்துக்கொண்டோம். என் பக்கம் பச்சை, அவர் பக்கம் மஞ்சள். கையால் மட்டும். அவர் தன் பக்கத்தை முடித்துவிட்டு மாமி கொடுத்த காப்பியைக் குடித்தார். மாமாவோடு அரசியல் பேசினார். திரும்பிவந்து என்னைப் பார்த்தார். நான் இன்னும் முன்கதவில் இருந்தேன், சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"இன்னா நைனா, வண்டி இன்னும் ஊருக்குப் போயிகினு கீதா?"

நான் முடித்ததும் மாமா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானேடா இருக்கு?" என்றார்.

ஒன்றாக இல்லை. என் பக்கம் கூடுதலாக மின்னியது. மாமாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது என்பது என் கட்சி, அதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே முகூர்த்த நாளில் மாமாவின் எல்லா வண்டிகளுக்கும் கையால் போட்டு எடுக்க முடிந்தது எது என்று கேட்டால், மஞ்சள்தான். சூசை அதைச் சொன்ன விதம் வேறு. "இத்தத் தேய்க்கிறவன் நாளைக்கும் வந்து தேய்க்கணும் நைனா" என்றார்.

மாமா ஒரு நிபந்தனை போட்டார். "பேச்செல்லாம் வேண்டாம். தை மொத முகூர்த்தம், மாம்பலத்துல பெரிய எடத்துக் கல்யாணம். சாயந்தரம் மாப்ளை அழைப்புக்கு வண்டி போறது. திரும்பி வரச்சே ஒரு பொட்டு சிவப்பு தெரிஞ்சாலும், மறுநாள் காலம்பற எல்லா வண்டியும் மவுண்ட் ரோடு போயிடும். சரியா?"

சரி என்று நான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் பாலேடு வண்டி அடையாற்றுக்குப் போய்ப் பெண் வீட்டாரை அழைத்து வந்தது. பாலத்துப் புழுதியெல்லாம் அதன்மேல். மத்தியானம் கழுவி, துடைத்து, மஞ்சள் டப்பாவைத் திறந்தோம். நான் முன்னால் பூசிக்கொண்டே போக, சூசை பின்னால் எடுத்துக்கொண்டே வந்தார். மெல்லிசாகத்தான் போட்டேன். வெயில் சாய்வதற்குள் வண்டி தயார். அன்று அதைப் பார்த்த யாரும் அதை மறந்திருக்கமாட்டார்கள். மேகம் அதில் நகர்ந்தது!

மாம்பலத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. நாதஸ்வரம், தவில், தலையில் கியாஸ் விளக்குச் சுமந்தவர்கள், கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை, அவரைச் சுற்றி வண்டி கொள்ளாத குழந்தைகள். நானும் சூசையும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியோடு நடந்தோம். வழியில் சந்தனம் தெறித்தது, பன்னீர் தெளித்தார்கள், யாரோ ஒரு அம்மாள் பானட்டில் குங்குமம்கூட வைத்தாள். சூசை ஒரு இழுப்பு இழுத்தார், போயிற்று. மாமா பின்னால் வேறொரு வண்டியில் வந்துகொண்டிருந்தார். கல்யாண வீட்டு வாசல் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம்!

வாசலில் இரண்டு சுமங்கலிகள் ஆலம் சுற்றினார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த, ரத்தச் சிவப்பான தண்ணீர். வழக்கப்படி சுற்றி முடித்து, மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சத்தைத் தெருவில் கொட்டத் திரும்பினார்கள். அப்போதுதான் சூசையின் குரல் தவிலையும் மீறிக் கேட்டது.

"அம்மா! தெருவுல வேணாம்! இதுமேல ஊத்துங்கோ!"

அவர் கை காட்டியது பானட்டை.

தவில்காரர் நிறுத்திவிட்டார். தட்டை வைத்திருந்த அம்மாள் திகைத்து, "வண்டி மேலயா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, வண்டி மேலதான், தாராளமா!" மாமா தம் வண்டியிலிருந்து இறங்கி ஓடி வருகிறார். "டேய்! டேய்! அவனைப் பிடிங்கோடா!" நான் சூசையின் சட்டையைப் பிடித்துவிட்டேன். என் கடை அது. என் வருஷங்கள் அது. என்னைக் கேட்காமல் அதை எடுத்து நடுத்தெருவில் வைக்கிறான் இந்த மனிதன்!

அந்த அம்மாளுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. தட்டைச் சாய்த்துவிட்டாள்.

அத்தனை சிவப்பும் பாலேட்டின்மேல் விழுந்தது. கியாஸ் வெளிச்சத்தில் எல்லாரும் "ஐயோ" என்றார்கள். நான் துணியோடு பாய்ந்தேன். சூசை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதே நைனா. பாரு."

ஆலம் பரவவில்லை. முத்து முத்தாகத் திரண்டு நின்றது, மாதுளம் விதையைக் கொட்டினாற்போல. டிரைவர் பயத்தில் வண்டியை லேசாக நகர்த்தினான். அந்த அசைவில் முத்துகள் உருண்டன, ஒன்றோடொன்று சேர்ந்தன, வரிசையாகச் சரிந்து தரையில் சொட்டின. சூசை தோளிலிருந்த வேட்டித் துணியை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பானட் பாலேடாக நின்றது! குழந்தைகள் வண்டிக்குள் குதித்துக் கத்தினார்கள். "இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" என்றார் மாப்பிள்ளை, கோட்டு சூட்டோடு. தவில்காரர் தானாகவே ஒரு முழக்கு முழக்கினார். கூட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து பானட்டைத் தடவினார்கள்.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். விரலால் பானட்டைத் தேய்த்து, விரலை விளக்கில் பார்த்தார். "கோவிந்தா, நாளைக்கு மூடின வண்டியெல்லாம் கொண்டு வரேன். ஆனா இந்தப் பிரம்மஹத்தியை என் கண்ணுல காட்டாதே" என்றார்.

அன்று திரும்பி வரும்போது லஸ் வரைக்கும் சூசையே பேசிக்கொண்டு வந்தார். கடைசியில் நான் கேட்டேன். "கறை நின்னிருந்தா?"

"நிக்கல இல்ல?"

"நின்னிருந்தா என் கடை போயிருக்கும்யா. என்ன ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அவர் செய்தது தப்பு. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். குங்குமம் பட்டும் கறையில்லாமல் வண்டி வந்து சேர்ந்துவிட்டது, மாமாவின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. அதற்குமேல் பந்தயம் வைக்க அவருக்கு உரிமை இல்லை. மறுநாள் மாமாவின் வண்டிகளோடு, மாம்பலத்தில் பார்த்தவர்களின் வண்டிகளும் கொட்டகை வாசலில் தெருமுனை வரை நின்றன என்பது வேறு விஷயம்.

அந்த ஆலத்தில் நஷ்டப்பட்டவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பச்சை டப்பாக் கம்பெனியின் ஏஜெண்டு ஊரறிய மஞ்சள் டப்பாவுக்குக் கூத்துக் கட்டினால் கம்பெனி விடுமா? ஏஜென்சியைப் பிடுங்கிக்கொண்டது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் வெறும் பையோடு வந்து கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நைனா, இங்க ஒரு ஆணி கீதா? பைய மாட்டணும்."

நான் ஆணி அடித்துக் கொடுத்தேன். போன மாதம் வரைக்கும் அந்தக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் பூசுவேன், அவர் எடுப்பார். வாடிக்கைக்காரர்களோடு சண்டை போடுவது அவர் பொறுப்பு. மாமா ஒரே வாரத்தில் தம் வார்த்தையை மறந்துவிட்டு, "எங்கேடா அந்தப் பிரம்மஹத்தி?" என்று அவரைத் தேடிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

அவருக்காகப் பூசை வைத்த அன்று சாந்தோமில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி செசிலியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த மாம்பலத்துக் கல்யாணத்துக்கு அவர மன்னிச்சுட்டீங்களா?"

துக்க வீடு. சுற்றிலும் உறவுக்காரர்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"இல்லம்மா" என்றேன்.

செசிலியம்மாள் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சிரித்தார். "சொன்னாரு! அவரு சொல்லிகினே இருப்பாரு. நான் செத்தாலும் கோயிந்து இத்த வுட மாட்டான் செசிலி, எழுதி வெச்சுக்கோன்னு. எத்தினி சந்தோசமா சொல்லுவாரு தெரியுமாண்ணே!"

அவரை அறிந்தவர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதாவது வைத்திருப்பீர்கள். சிலர் அவருடைய வேடிக்கைப் பேச்சை, சிலர் கைநேர்த்தியை. என் பங்கு எது என்று அன்று எனக்குத் தெரிந்துபோயிற்று. என் கடையை என்னைக் கேட்காமல் எடுத்து, ஒரு தட்டுச் சிவப்புத் தண்ணீரின் முன்னால் வைத்தானே, அந்தக் கோபம். அதை அவர் எனக்கென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் இருக்கிற வரைக்கும் அதை ஆறவிடமாட்டேன்.